மீன் சாஸை ஊத்திக்கிட்டே அஜினமோட்டோவுக்குப் பயப்படுறவங்களுக்கு

1/ தாய்லாந்துக்கு டூர் கிளம்புறவங்க கிட்ட இருந்து அடிக்கடி வர்ற கேள்வி: "டாக்டர், அங்க காலைல சைனீஸ் கடைல கஞ்சி சாப்பிடலாமா? அஜினமோட்டோ போடுவாங்களாமே?"

தாராளமா சாப்பிடலாம். ஆனா நீங்க பயப்படுறது தப்பான டப்பாவைப் பார்த்து. கொஞ்சம் நீளமான இழைதான். பிரஷர் மாத்திரை சாப்பிடுறவங்க மட்டுமாவது கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

2/ முதல்ல கடைக்குள்ள போவோம். ஊர் ஹுவா ஹின். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கி.மீ., கடற்கரை ஊர், ராஜ குடும்பத்துக்கு அரண்மனை இருக்கிற ஊர். பல தாய்லாந்து ஊர்கள் மாதிரியே இங்கயும் தலைமுறைகளுக்கு முன்னாடி தெற்குச் சீனாவிலிருந்து வந்து குடியேறினவங்களோட சந்ததிகள் சின்னச் சின்ன காலை உணவுக் கடை நடத்துறாங்க. விடிகாலைல திறந்து, வெயில் ஏறும்போது மூடிடுவாங்க.

3/ அங்க முக்கியமான ஐட்டம் "ஜோக்". சிரிக்காதீங்க, பேரே அதுதான். அரிசியைக் குழையக் குழைய வேக வச்ச கஞ்சி. அதுல பன்றிக் கொத்துக்கறி உருண்டை, இஞ்சி, வெங்காயத்தாள், கேட்டா ஒரு அரைவேக்காட்டு முட்டை. ஆங்கிலத்துல இந்த மாதிரிக் கஞ்சியை "காஞ்சீ"ன்னு சொல்றாங்களே, அந்தச் சொல்லே நம்ம கஞ்சியில இருந்து போனதுதான்.

கூட "பாத்தோங்கோ"ன்னு எண்ணெயில பொரிச்ச மாவுக் குச்சி. சின்ன வாணலியோட வர்ற முட்டை. துணிப் பையில வடிகட்டி கண்டென்ஸ்டு மில்க் ஊத்தின காபி.

4/ இப்ப நம்ம ஆட்கள் என்ன பண்றாங்கன்னு பாருங்க. யூட்யூப் பார்த்து ஒரே ஒரு தாய் வாக்கியத்தை மனப்பாடம் பண்ணிட்டு வர்றாங்க: "மை சை போங் சூ ரோட்". அஜினமோட்டோ போடாதீங்கன்னு அர்த்தம். கடைக்காரர் தலையாட்டுவார். இவங்களும் நிம்மதியா உக்காந்து, மேஜை மேல இருக்கிற மீன் சாஸை எடுத்து கஞ்சி மேல ரெண்டு சுத்து சுத்துவாங்க.

அந்த ரெண்டு சுத்துதான் என் பிரச்சினை.

5/ கணக்கு போடுவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்றது ஒரு நாளைக்கு 2,000 மி.கி. சோடியத்துக்குக் கீழ. அதாவது 5 கிராம் உப்பு, சுமார் ஒரு டீஸ்பூன். இது மூணு வேளைக்கும் சேர்த்து.

மீன் சாஸ் ஒரு டீஸ்பூன்ல 400 மி.கி.க்கு மேல சோடியம் இருக்கு. ரெண்டு டீஸ்பூன் ஊத்தினா 800. கறி உருண்டைல, கஞ்சில ஏற்கனவே இருக்கிற உப்பு தனி. காலை எட்டு மணிக்கே அன்னிக்கு ஒதுக்கீட்டுல பாதி காலி.

6/ நீங்க பயந்த அஜினமோட்டோ? எடையில உப்புல சுமார் 39% சோடியம். அஜினமோட்டோல, அதாவது மோனோசோடியம் குளுட்டமேட்ல, சுமார் 12% தான். சேர்த்துச் சமைச்ச ஒரு பரிமாறலில் பொதுவா அரை கிராமுக்கும் குறைவாத்தான் இருக்கும்னு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்லுது. அரை கிராம்னே வச்சுக்கிட்டாலும் சோடியம் சுமார் 60 மி.கி.

60-க்குப் பயந்து 800-ஐ ஊத்திக்கிறோம்.

7/ "சோடியத்தை விடுங்க டாக்டர், அது விஷமாச்சே?"

இந்தக் கதை ஆரம்பிச்ச இடத்தைச் சொல்றேன். 1968-ல அமெரிக்காவுல இருந்த ராபர்ட் ஹோ மான் குவாக்ங்கிற மருத்துவர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். சீன உணவகத்துல சாப்பிட்டா பின்கழுத்துல மரத்துப் போகுது, படபடப்பு வருதுன்னு. காரணம் என்னவா இருக்கலாம்னு சிலதை ஊகிச்சார்: சோயா சாஸ், சமையல் ஒயின், குளுட்டமேட், அதிகமான சோடியம். அது ஆய்வு இல்ல. ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

அந்தப் பட்டியல்ல சோடியமும் இருந்துச்சு. உலகம் அதை விட்டுட்டு அஜினமோட்டோவை மட்டும் பிடிச்சுக்கிச்சு. "சைனீஸ் ரெஸ்டாரன்ட் சிண்ட்ரோம்"னு ஒரு இனத்தோட சமையலுக்கே நோய்ப் பேரு வச்சாச்சு.

8/ பிறகு நிஜமாவே சோதிச்சுப் பார்த்தாங்க. 2000-ல வெளியான ஒரு ஆய்வுல, "எனக்கு அஜினமோட்டோ ஒத்துக்காது"ன்னு சொன்ன 130 பேருக்கு, எது குளுட்டமேட் எது போலின்னு தெரியாம 5 கிராம் கொடுத்தாங்க. உணவு இல்லாம. திரும்பத் திரும்பச் சோதிச்சப்போ கிட்டத்தட்ட யாருக்குமே ஒரே மாதிரி எதிர்வினை வரல.

வெறும் வயித்துல பெரிய அளவுல எடுத்தா சிலருக்குக் கொஞ்ச நேரம் தலைவலி வரலாம். உங்களுக்கு உறுதியா அப்படி ஆகுதுன்னா தவிர்த்துடுங்க, தப்பே இல்ல. ஆனா "கேன்சர் வரும், மூளை கருகும்"னு வர்ற ஃபார்வர்டை அழிச்சிடுங்க.

9/ இதே குளுட்டமேட் தக்காளில இருக்கு. பழைய சீஸ்ல இருக்கு. தாய்ப்பால்ல இருக்கு. பீட்சா சாப்பிட்டுட்டு "சீஸ் விஷம்"னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? சீனர் கடைன்னா மட்டும் ஏன் சந்தேகம்? நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பத்த வைக்கிற மனுஷனை விஷம் வைக்கிறவர் மாதிரி பார்க்கிறது நியாயமா?

10/ உப்பு விஷயத்துல நாம யாரும் யோக்கியம் இல்ல. தாய்லாந்துல 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிச்சு அளந்த ஆய்வு 2021-ல வந்துச்சு. பெரியவங்க ஒரு நாளைக்கு சராசரியா 3,600 மி.கி.க்கு மேல சோடியம் எடுக்கிறாங்க. இந்தியாவுல தேசியக் கணக்கெடுப்புல நாம எடுக்கிற உப்பு சுமார் 8 கிராம். அவங்களுக்கு மீன் சாஸ், நமக்கு ஊறுகாய், அப்பளம், கருவாடு.

கூடுதல் உப்பு பிரஷரை ஏத்தும். பிரஷர் பல வருஷம் சத்தமில்லாம இருந்து மூளையையும் கிட்னியையும் அடிக்கும். பக்கவாதத்தோட வர்றவர் வீட்ல "அவர் அஜினமோட்டோவைத் தொடவே மாட்டாரே"ன்னு சொல்லும்போது எனக்குப் பதில் சொல்ல வாய் வராது.

11/ சரி, அந்தக் கடைல என்ன பண்ணணும்?

• கஞ்சியை முதல்ல ஒரு வாய் ருசி பாருங்க. அப்புறம் சாஸ். அதுவும் சொட்டு கணக்குல. மிளகு, இஞ்சி, மிளகாய் ஊறின வினிகர் சேர்த்துக்கோங்க.
• கண்டென்ஸ்டு மில்க்ல ஏறக்குறைய பாதி சர்க்கரை. சுகர் இருந்தா காபியில அது வேணாம்.
• கர்ப்பிணிகள், வயசானவங்க அரைவேக்காட்டு முட்டையைத் தவிர்த்து, நல்லா வெந்ததைக் கேளுங்க.
• பாத்தோங்கோ ஆசைக்கு ஒண்ணு.

12/ அந்தப் பழைய வாக்கியத்தை மறந்துடுங்க. இந்த ரெண்டை மனப்பாடம் பண்ணுங்க: "மை கெம்", உப்பு தூக்கலா வேணாம். "வான் நோய்", இனிப்பு கம்மியா.

டூர் குரூப்ல அஜினமோட்டோ ஃபார்வர்டு வந்தா அதுக்குக் கீழ இந்த இழையைப் போட்டு விடுங்க. பிரஷர் மாத்திரையை பெட்டியில போடாம கைப்பையில வச்சுக்கோங்க. கஞ்சி நல்லா இருக்கும், பயப்படாம சாப்பிடுங்க.