டூ-லெட் பலகைக்குப் பின்னால் நிற்கும் சாதி

1917 செப்டம்பரில் அண்ணல் அம்பேத்கர் பரோடாவுக்கு வேலைக்குப் போனார். நியூயார்க்கிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்தவர். மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகைக்கு ஈடாக அந்தச் சமஸ்தானத்தில் பணிபுரியக் கடமைப்பட்டவர். ரயிலை விட்டு இறங்கியவருக்கு முதல் சிக்கல் வேலை அல்ல, தங்க ஓர் இடம். இந்து விடுதிகளில் சேர்க்க மாட்டார்கள். பார்சி விடுதி ஒன்றின் மாடியில், ஒரு பார்சிப் பெயரை வைத்துக்கொண்டு, நாளொன்றுக்கு ஒன்றரை ரூபாய்க்குத் தங்கினார். பதினோராம் நாள் காலை பத்துப் பன்னிரண்டு பார்சிகள் தடியோடு மாடியேறி வந்தார்கள். மாலைக்குள் காலி செய்யச் சொன்னார்கள்.

அந்தத் தடிகளைப் பற்றி நாம் நிறையப் பேசிவிட்டோம். அன்று அவர் அடைக்கலம் கேட்டுப் போன இரண்டு நண்பர்களைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒருவர் இந்து. நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். இன்னொருவர் பார்ப்பனக் குடும்பத்திலிருந்து கிறித்தவரானவர். மனைவி நாளைக்கு வருகிறார், கேட்டுச் சொல்கிறேன் என்றார். இருவருமே படித்தவர்கள், அன்பாகப் பேசியவர்கள். அண்ணல் காமாட்டி பாக் பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ஒன்பது மணி ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

தடி எடுத்தவர்களைவிட இந்த இரண்டு நண்பர்களைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். தருமபுரியில் வீடு தேடியபோது இவர்களை நிறையச் சந்தித்தேன்.

முனைவர் பட்ட ஆய்வுக்காக நானும் என் இணையரும் ஊரிலிருந்து நகரத்துக்குக் குடிவர முடிவு செய்தோம். மூன்று வாரத்தில் பன்னிரண்டு வீடு பார்த்தோம். யாரும் நேரடியாகச் சாதியைக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அதனால்தான் வேறு வழிகளில் மோப்பம் பிடிக்கிறார்கள். "எந்த ஊரு?" "அந்த ஊர்ல எந்தப் பக்கம்?" "குலசாமி எது?" "கவுச்சி எல்லாம் சமைப்பீங்களா?" இத்தனைக்கும் அவர்கள் வீட்டு அடுப்பிலேயே கறி கொதித்துக்கொண்டிருக்கும். இவ்வளவிலும் பிடிபடாவிட்டால் ஆதார் அட்டை. நகல் வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முகவரியைப் படிப்பார்கள். 'காலனி' என்ற சொல்லில் பார்வை நின்றுவிடும்.

அந்தச் சொல்லின் விளையாட்டைப் பாருங்கள். தருமபுரி நகரத்தில் நெசவாளர் காலனி என்றால் அது ஒரு வட்டாரத்தின் பெயர், அவ்வளவுதான். ஊர்ப்பெயரோடு ஒட்டிவந்தால் அது சேரி. ஒரே சொல், யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறுகிறது. 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று அறிவித்தார். வரவேற்கிறேன். ஆனால் எங்கள் தெருவுக்கு எந்தப் பூவின் பெயரை வைத்தாலும், "அது யாரு இருக்கிற தெரு?" என்று கேட்க ஒரு போன் போதும்.

மறுப்பும் மரியாதையாகத்தான் வரும். "எங்களுக்கு ஒண்ணும் இல்ல தம்பி, கீழ் வீட்டுல இருக்கிறவங்கதான்..." "பையன் பெங்களூர்ல இருக்கான், அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்." "நேத்துதான் ஒருத்தரு அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு." பலகை மட்டும் மறுவாரமும் அங்கேயே தொங்கும். நூறாண்டுக்கு முன் வேலைக்காரர்கள் மேலும் மனைவி மேலும் போடப்பட்ட பழி, இன்று கீழ்வீட்டார் மேலும் பெங்களூர்ப் பையன் மேலும் விழுகிறது. இந்த நாட்டில் சாதி பார்ப்பவர் எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

"சொந்த ஊரில் வீடு இருக்கிறதே, ஏன் இந்த அவமானம்?" என்று ஒரு தோழர் கேட்டார். தருமபுரிக்காரனிடம் கேட்கக்கூடாத கேள்வி அது. 2012 நவம்பர் 7 அன்று நாய்க்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், கொண்டம்பட்டி, அண்ணா நகர் ஆகிய குடியிருப்புகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டு எரிக்கப்பட்டன. பெங்களூரிலும் திருப்பூரிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடுகள், வாங்கிய வண்டிகள், பீரோக்கள். கொளுத்தியவர்கள் எது யார் வீடு என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. தெரு தனியாக இருந்தது. அதுவே அடையாளமாகப் போயிற்று. ஒரே இடத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டவர்களை ஒரே இரவில் எரிக்க முடியும். வாடகை வீட்டு மறுப்பைச் சின்ன மனத்தாங்கலாக என்னால் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம். ஊரும் சேரியும் கலக்காமல் காவல் காக்கும் வேலையைத்தான் அந்த மரியாதையான பொய்கள் செய்கின்றன.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 4ஆம் பிரிவில், எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ வாங்கவோ அதில் வசிக்கவோ தீண்டாமையின் பெயரால் தடை போடுவதைக் குற்றம் என்கிறது. எழுபது ஆண்டுச் சட்டம். ஆனால் "வீடு போயிடுச்சு" என்ற பொய்யை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது? நம் மாநிலம் 2017இல் கொண்டுவந்த வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டமோ ஒப்பந்தம் எழுதிய பிறகு வரும் தகராறுகளைத்தான் பேசுகிறது. ஒப்பந்தம் வரைக்கும் போகவே விடாத சாதி அதன் கண்ணில் படவில்லை.

அந்தப் பொய்யைப் பிடிக்க ஒரு வழி உண்டு. அமெரிக்காவில் 1968இல் நியாய வீட்டுவசதிச் சட்டம் வந்தபின், ஒரே வருமானமும் ஒரே வேலையும் சொல்லிக்கொண்டு ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் அடுத்தடுத்து ஒரே வீட்டைக் கேட்டுப் போனார்கள். அவருக்கு இல்லாத வீடு இவருக்கு இருந்தால் வழக்கு. இப்படிச் சோதிக்கப் போனவர்களும் வழக்குத் தொடுக்கலாம் என்று 1982இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஏற்றது. இங்கே சுகதேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் தில்லி வட்டாரத்தில் இதே முறையில் ஆய்வு செய்து 2015இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் வெளியிட்டார்கள். உயர்சாதிப் பெயரோடு கேட்டவர்களுக்குக் கிட்டத்தட்டத் தடையே இல்லை. தலித்துகளில் 18 விழுக்காட்டினருக்கும் முஸ்லிம்களில் 31 விழுக்காட்டினருக்கும் முழு மறுப்பு; மேலும் பலருக்குக் கூடுதல் வாடகை போன்ற நிபந்தனைகள்.

அரசுக்கு நம் கோரிக்கை இதுதான்: சாதி, மதம் பார்த்து வீடு மறுப்பதை 2017 சட்டத்திலேயே குற்றமாகச் சேர்க்க வேண்டும். அச்சட்டப்படி அமர்த்தப்பட்ட வாடகை அதிகாரிகள் இத்தகைய சோதனைகளை நடத்த வேண்டும். நாம் நடத்தும் சோதனைகளைச் சான்றாக ஏற்கவும் வேண்டும்.

அதுவரை நாமே தொடங்கலாம். இதைப் படிக்கும் சாதி இந்துத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். "நம்ம ஆளுங்களா?" என்று வீட்டுக்காரர் கேட்டபோது சிரித்துக்கொண்டே சாவியை வாங்கியவர்கள் உங்களில் பலர். எங்களோடு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். எனக்கு இல்லை என்று சொன்ன வீட்டின் கதவை அரை மணி கழித்து நீங்கள் தட்டுங்கள். தேதி, நேரம், வாடகை, வீட்டுக்காரர் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். தருமபுரியில் டூ-லெட் பலகைகளுக்குப் பஞ்சமில்லை.