பாட்டு ஏற்றும் பாடு

ஆண்ட்ராய்டு போனில் பாட்டு ஏற்றுவது பையில் அரிசி கொட்டுவது மாதிரி. கேபிளைச் செருகி, ஃபோல்டரை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஐபோனுக்கோ நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை வேண்டும்: முன்பு ஐட்யூன்ஸ், 2019-க்குப் பிறகு மேக்கில் ஃபைண்டர். வேறு கணினியோடு சிங்க் செய்தால், ஏற்கெனவே ஏற்றிய பாட்டெல்லாம் போயே போச்சு. (காசு கொடுத்து வாங்கிய போன்தானே இது?) ஆனாலும் அப்டேட் என்று வந்தால் என் ஓட்டு ஆப்பிளுக்கே. 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. அதே வயது ஆண்ட்ராய்டு போன்கள் பலவும் இரண்டு, மூன்று வருடத்திலேயே அநாதையாகிவிட்டன. கூகுள் ஏழு வருட அப்டேட்டுக்கு வாக்குக் கொடுத்ததே 2023-இல், பிக்சல் 8 வந்தபோதுதான். அது விலை கூடிய போன். மலிவு போன் வாங்குகிறவர்கள், கேமராவை விசாரிக்கும்போதே அப்டேட் எத்தனை வருடம் என்றும் கடைக்காரரிடம் கேளுங்கள்.