அப்புத்தளையில் ஒரு காலை நடை

மலைநாடு மோட்டார் வண்டி உடையார்க்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே எவ்வாறோ வேரூன்றிவிட்டது. பாடசாலை விடுமுறை அணுகியதும் அயலவர் சிலர் கூடி வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்துவர். மூன்று நாளில் கண்டி, நுவரெலியா, எல்ல யாவும் கண்டு முடிப்பர். கண்ணாடிக்கூடாகப் பார்த்த தேயிலையைப் பற்றி ஊருக்கு மீண்டு விரித்துரைப்பர். பஸ் வண்டியும் இரு கால்களும் கொண்டு சேரக்கூடிய இடங்களையே இப்பகுதியில் நாம் எடுத்துரைத்து வருகிறோம் என்பதை நேயர்கள் அறிவர். இம்முறை அப்புத்தளை.

குதிரை முதுகிற் சேணம் வைத்தாற்போல மலைமுகடொன்றின்மேல் அமைந்த சிறு பட்டினம் அது. உயரம் 1,400 மீற்றருக்கு மேல். கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகப் பதுளை செல்லும் பஸ்கள் இவ்வூரைத் தொட்டே போகின்றன. வடக்கிலிருந்து வருவோர் கண்டியை அடைந்து, நுவரெலியா, வெலிமடை என மாறிமாறி வரலாம். கொழும்பு–பதுளை இருப்புப்பாதையும் ஊரை ஊடறுத்தே செல்கின்றது. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியால் மலைநாட்டுப் பாதை பல இடங்களிற் சிதைந்தமையின், புகையிரதத்தை நம்பிப் புறப்படுவோர் முன்னரே விசாரித்துக்கொள்ளல் வேண்டும்.

இரவு அப்புத்தளையிலே தங்கி, விடியற்காலைப் பஸ்ஸில் தம்பேதன்னைத் தோட்டத்துக்குச் செல்லுதல் நன்று. தூரம் ஏறக்குறைய 10 கிலோமீற்றர், பாதையோ ஒடுங்கியது, ஒரு பக்கம் மலை, மறு பக்கம் பள்ளம். வளைவுதோறும் சாரதி ஊதும் ஒலி பள்ளத்திலே போய் விழுகின்றது. நாம் சென்ற வண்டியிலே தோட்டப் பாடசாலைகளுக்குச் செல்லும் ஆசிரியைகள் சிலரும், முதல்நாட் சந்தையில் வாங்கிய மாவையும் மண்ணெண்ணெயையும் மடியில் வைத்திருந்த முதியவள் ஒருத்தியும் இருந்தனர். "யாழ்ப்பாணத்து ஆளுகளா? பேச்சிலேயே தெரியுதுங்களே!" என்றாள் அம்மூதாட்டி. வாடகை வண்டியில் ஏறிச் செல்வாருக்கு இந்த உரையாடல் வாய்ப்பதில்லை.

பஸ் நிற்கும் இடத்திலே தேயிலைத் தொழிற்சாலை. தோட்டத்து மக்கள் இதனை 'ஸ்டோர்' என்பர். 1890இல் தோமஸ் லிப்டன் துரை கட்டுவித்தது. மேல்மாடிகளிலே இத்துணைச் சாளரங்கள் எதற்கென்று வியக்க வேண்டா. பறித்த கொழுந்தின் ஈரத்தைக் காற்றால் வாட்டுவதற்கே அம்மாடிகள். பின்னரே அரைத்தலும் புளிக்கவைத்தலும் உலர்த்துதலும்.

இங்கிருந்து லிப்டன் ஆசனம் என்னும் உச்சி ஏறக்குறைய 7 கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்காரர் சூழ்ந்துகொள்வர். புன்முறுவலுடன் மறுத்துவிட்டு நடக்கத் தொடங்குக. முழங்காலில் நோவுள்ளவர்கள் ஏறிச் சென்று இறங்கும்போது நடப்பதில் இழுக்கொன்றுமில்லை. பாதை வளைந்து வளைந்து தேயிலைக்கூடாகவே ஏறுகின்றது. இடையிடையே குறுக்குப்படிகள் உண்டு. அவை தொழிலாளர் காலால் தேய்ந்தவை. முதுகிலே கூடையோ சாக்கோ சுமந்து அவர்கள் வரின், ஒதுங்கி வழிவிடுதல் நம் கடன். கொழுந்து பறிக்கும் பெண்களைக் கேளாமலே படம் பிடிப்போரையும் ஆங்குக் கண்டோம். நிறையிட்டுக் கணக்கெடுக்கும் தொழிலிலே இருப்பவரைச் சிரித்து நிற்கச் சொல்வது, வகுப்பு நடக்கையில் ஆசிரியரை வெளியே அழைத்துப் படம் எடுப்பதனை ஒக்கும்.

எந்த மாதம் செல்லலாம் என்று வினவுவார்க்கு ஒரு விளக்கம். நம்மூரில் வைகாசி தொடங்கி ஆவணி வரை புழுதி கிளப்பும் சோளகக் காற்றேதான் ஊவாவிலும் வீசுகின்றது. அது மழையை மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, மலைக்கு இப்பால் வறண்ட காற்றாக இறங்குகின்றது. அவ்வறட்சியிலே தேயிலைச் செடி தளிரைச் சுருக்கி மணத்தைப் பெருக்கும். ஆதலால் ஊவாத் தேயிலைக்கு யூலை முதல் செப்டெம்பர் வரையே உயர்ந்த பருவம். வானமும் தெளிந்திருக்கும், காற்று மட்டும் தொப்பியைக் கொண்டுபோய்விடும். ஐப்பசி, கார்த்திகையிலோ மழை இங்கேதான். அப்போது செல்லற்க.

உச்சி ஏறத்தாழ 1,970 மீற்றர். தம் தோட்டங்களை லிப்டன் இங்கமர்ந்து நோக்குவார் என்பர். காலையிலே சென்றால் தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் கண்ணாடித் துண்டாய் மின்னக் காணலாம். ஒன்பது, பத்து மணியாயின் மூடுபனி பள்ளத்திலிருந்து ஏறிவந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். கடையிலே ரொட்டியும் தேத்தண்ணீரும் கிடைத்தன, ரொட்டி காரம்.

இந்தத் தென்சரிவைப் பார்க்கையில் வேறொன்றும் நினைவுக்கு வராமற் போகாது. இதன் கீழ்ப்பக்கத்தேதான் கொஸ்லந்தை. அதனையடுத்த மீரியபெத்தைத் தோட்டத்திலே 2014 ஒக்டோபர் 29ஆந் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்தமையால் உயிர் பிழைத்து, திரும்பிவந்து வீட்டைக் காணாத பிள்ளைகள் இருந்தனர். அவ்விடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை ஆண்டுகளுக்கு முன்பே விடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை கேட்டவர் எங்கே போவது? லயம் தோட்டத்துக்கு உரியது, காணியும் அவ்வாறே. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களின் எஞ்சிய வழக்கு 2003இல் ஒரு சட்டத்தால் தீர்ந்தது. வீட்டுக்கான நிலமோ பலருக்கு இன்னும் எட்டாப் பொருளே. 2025இன் சூறாவளி மறுபடியும் அதே கேள்வியை எழுப்பிற்று. நம் வடபுலத்தார் இவர்களைப் பற்றிப் பேசுவது மிகுதி. இவர்களுடன் பேசியது குறைவு. அதனாலேயே வானை விட்டுப் பஸ்ஸில் ஏறுங்கள் என்று வற்புறுத்துகிறோம்.

இறங்கும்போது தொழிற்சாலையோடு நின்றுவிடாமல், கால் இடங்கொடுத்தால் அப்புத்தளை வரை நடந்தே வரலாம். இறக்கமே மிகுதி. கோயில்களையும் லயங்களையும் பாடசாலைகளையும் கடந்து பாதை செல்லும். அலுத்தவிடத்தில் கையை நீட்டினால் பஸ் நிற்கும். சில்லறை கையில் இருக்கட்டும். தண்ணீர், குடை, பழகிய சப்பாத்து, புல்லிலே இறங்குவோர்க்கு அட்டைக்கு உப்பு, இவை போதும். உண்ட பொதியின் தாளையும் போத்தலையும் பட்டினம் வரை கொண்டுவருக.

அடுத்த ஞாயிறு பருத்தித்துறை வழியாக மணற்காட்டு மணற்குன்றுகளுக்கு. அங்கே சப்பாத்து வேண்டா.