மணல் மக்களுக்கு, நிழல் குத்தகைக்காரருக்கா?

குடைக்குச் சட்டம் போட்டிருக்கிறார்கள்! அரசர்களின் வெண்கொற்றக் குடைக்கு அல்ல. வெயிலுக்கு விரிக்கிற சாதாரணத் துணிக்குடைக்கு. எத்தனை அடி அகலம், எத்தனை அடி உயரம், எந்த மாதத்தில் விரிக்கலாம், எந்த வரிசையில் நடலாம் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. மீறினால் அபராதமும் இருக்கிறது.

அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தின் கடலோர ஊர் ரெஹோபத் பீச். அந்த ஊர் நகரசபை 2017 ஆம் ஆண்டு ஒரு விதி செய்தது. கடற்கரையில் கூடாரம் கூடாது, நான்கு கால் பந்தல் கூடாது. குடை மட்டும் விரிக்கலாம். அதுவும் வட்டக்குடை, 8 அடி விட்டத்துக்கு மேல் போகாமல், ஏழரை அடி உயரத்துக்கு மேல் எழாமல். குழந்தைகளுக்காக மட்டும் இரக்கம் காட்டினார்கள்: நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் 36 அங்குலத்துக்குள் அடங்குகிற சின்னக் கூடாரம் போடலாம். பிள்ளை உள்ளே, பெற்றவள் வெளியே! எந்தத் தாய் 36 அங்குலத்துக்குள் அடங்குவாள் என்று சபையில் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள் போலும்.

காரணம் இல்லாமல் செய்தார்களா? இல்லை. காரணத்தை மறைக்க நாம் விரும்பவில்லை. விடுமுறை நாளில் பந்தலோடு பந்தல் முட்டி, கயிற்றோடு கயிறு பின்னி, மணல்வெளி ஒரு சந்தைத் திடலாகிவிடுகிறது. உயரமான இருக்கையில் அமர்ந்து அலையில் சிக்கியவனைத் தேடும் காவலனின் கண்ணுக்குப் பந்தல் கூரைதான் தெரிகிறது. மூழ்குகிறவன் சத்தம் போடுவதில்லை, பார்த்தால்தான் உண்டு. மயங்கி விழுந்தவரைத் தூக்கிப்போக வழி வேண்டும், வண்டி வர இடம் வேண்டும். இவை நியாயமான காரணங்கள். நியாயமான காரணத்தைக் காட்டி நியாயமில்லாத விதியைச் செய்யலாமா என்பதுதான் நம் கேள்வி.

தென் கரோலினா மாநிலத்து மெர்ட்டில் பீச்சுக்கு வாருங்கள். அங்கே மே மாதக் கடைசித் திங்கள் முதல் செப்டம்பர் முதல் திங்கள் வரை கூடாரத்துக்குத் தடை. செப்டம்பர் முதல் திங்கள் என்ன நாள் தெரியுமா? அந்நாட்டின் உழைப்பாளர் நாள்! உழைப்பவன் குடும்பத்தோடு கடலுக்கு வரக்கூடிய கோடை முழுதும் அவன் பந்தல் மடித்து வைக்கப்பட வேண்டும். அவன் பெயரால் விடுமுறை விட்டு, அவன் ஆலைக்குத் திரும்பிய பிறகு, தாராளமாக விரிக்கலாம்!

அதோடு நின்றார்களா? 9 அடிக்குட்பட்ட சொந்தக் குடையை எங்கே நட வேண்டும் என்றும் சொன்னார்கள். வாடகைக் குடைகளின் வரிசைக்கு இணையாக, அல்லது அதற்குப் பின்னால். அந்த வரிசைக்கு முன்னால் போகக் கூடாது. கடலைப் பார்த்து முதல் வரிசையில் நிற்பது வாடகைக் குடை. வீட்டிலிருந்து தோளில் சுமந்து வந்தவன் அதை ஒட்டியோ, அதன் முதுகைப் பார்த்தோ உட்கார வேண்டும். காவலனின் பார்வைக்குத் தடை என்றீர்களே ஐயா, வாடகைக் குடை கண்ணாடியால் ஆனதா? காசு கொடுத்த குடை ஒளி ஊடுருவும், காசு கொடுக்காத குடை பார்வையை மறைக்கும் என்று எந்த விஞ்ஞானம் சொல்லிற்று?

விந்தை இன்னும் இருக்கிறது. அந்த ஊரில் நெடுங்காலம் கடற்கரைக் காவலையே தனியார் குத்தகைக்கு விட்டிருந்தார்கள். நகரசபை சம்பளம் தராது. அதற்குப் பதிலாகக் குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும் உரிமையைத் தரும். ஆகவே உயிர் காக்க வேண்டிய இளைஞனே குடைக்குக் காசு வாங்கினான். ஒரு கண் கடலில், ஒரு கண் கல்லாவில்! அந்நாட்டு உயிர்காப்போர் சங்கம் இந்த இரட்டை வேலையைக் கண்டித்து வந்தது. 2018 இல் அங்கே ஒருவர் மூழ்கி இறந்த வழக்கில், 2022 இல் ஜூரிகள் காவல் நிறுவனத்தின் மீது 2 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தார்கள். பந்தலால் பார்வை மறைகிறது என்று பேசியவர்கள், கல்லாவால் பார்வை மறைந்ததைப் பற்றி எத்தனை தடவை பேசினார்கள்?

இங்கேதான் கிரேக்க நாட்டுக் கதையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏகன் கடலில் பாரோஸ் என்றொரு தீவு. கரையில் கடை வைத்தவர்கள் அரசிடம் குத்தகை எடுத்தது ஒரு பங்கு, ஆக்கிரமித்தது பல பங்கு. அலை நனைக்கும் விளிம்பு வரை சாய்வு நாற்காலிகள். இரண்டு நாற்காலிக்கும் ஒரு குடைக்கும் சில இடங்களில் நாளொன்றுக்கு 100 யூரோ வரையிலும் கேட்டார்கள். பிறந்த தீவில் கால் நனைக்கப் போன பிள்ளைகளுக்கு உட்கார இடமில்லை. 2023 கோடையில் தீவு மக்கள் திரண்டு கரைக்கு வந்தார்கள். கல் எடுத்தார்களா, கட்டை எடுத்தார்களா? துண்டை எடுத்தார்கள். மணலில் துண்டு விரிக்க எங்களுக்கு இடம் கொடு என்றார்கள். அதனாலேயே அதற்குத் துண்டு இயக்கம் என்று பெயர் வந்தது. நாக்ஸோஸுக்கும் மற்றத் தீவுகளுக்கும் பரவியது. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பது நமக்குத் தெரியும். துண்டு போட்டு உரிமையை மீட்டதை அங்கே கண்டோம். தோளில் துண்டு போடவே தடை இருந்த நாட்டில் பிறந்த நமக்கு அந்தச் செய்தி கூடுதலாக இனித்ததில் வியப்பில்லை.

விளைவு என்ன? 2024 இல் புதுச் சட்டம் வந்தது. கடற்கரையின் 70 விழுக்காடு வாடகை நாற்காலியும் குடையும் இல்லாமல் திறந்திருக்க வேண்டும். இயற்கைப் பாதுகாப்புப் பகுதிகளில் 85 விழுக்காடு. நீர் விளிம்பிலிருந்து 4 மீட்டர் விட்டே நாற்காலி போட வேண்டும். அந்த ஆண்டு 198 கரைகளில் நாற்காலி வாடகையே கூடாது என்றார்கள். மீறுகிறவனைப் படம் பிடித்துக் குடிமகனே கைப்பேசி மூலம் புகார் செய்ய வழியும் வைத்தார்கள். சட்டம் வந்ததால் எல்லாக் கரையும் சுத்தமாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை; குத்தகைக்காரன் அவ்வளவு எளிதில் மணலை விடுகிறவனா? ஆனால் விதியின் முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்க ஊர்களில் விதி சொந்தக் குடைக்காரனைப் பார்த்து விரலை நீட்டுகிறது. கிரேக்கத்தில் வாடகைக் குடைக்காரனைப் பார்த்து நீட்டுகிறது.

கடற்கரை பொது என்பது இன்று நாம் கண்டுபிடித்த புதுமை அல்ல. கி.பி. 533 இல் ஜஸ்டீனியன் பேரரசன் வெளியிட்ட சட்டநூல், காற்றையும் ஓடும் நீரையும் கடலையும், கடலைச் சேர்ந்த கரையையும் எல்லோருக்கும் பொதுவானவை என்று வகுத்தது. அதுமட்டுமா? ஒதுங்கியிருக்கக் கரையில் ஒரு குடிசை போட்டுக்கொள்ளவும் எவனுக்கும் உரிமை உண்டு என்றது. சக்கரவர்த்தியின் சட்டம் குடிசை போட விட்டது. நகரசபையின் சட்டம் நான்கு முழத் துணியைக் கட்டவிடவில்லை!

பொது என்று ஏட்டில் எழுதிவிட்டு, சிலரை மட்டும் விலக்கிய கொடுமையும் அமெரிக்கக் கடற்கரைக்குப் புதிதல்ல. மிசிசிப்பி மாநிலத்து பிலாக்சியில், பொதுப் பணத்தால் கொட்டிய மணலில் கறுப்பின மக்கள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். 1959 இல் கில்பர்ட் மேசன் என்ற மருத்துவர் முன்னின்று அவர்கள் கடலில் இறங்கினார்கள். 1960 ஏப்ரலில் இறங்கியபோது வெறிக்கூட்டம் தடியும் குழாயும் கொண்டு தாக்கியது. 1968 இல்தான் நீதிமன்றம் கதவைத் திறந்தது. குடை விதியை அந்தக் கொடுமையோடு சமமாக வைக்கவில்லை. ஆனால் கடற்கரை விதி என்றால் யார் உள்ளே, யார் வெளியே என்று பார்க்கும் பழக்கத்தை அந்த வரலாறு நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

நிழல் என்ன ஆடம்பரமா? ஆஸ்திரேலியாவில் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதோ ஒரு வகைத் தோல் புற்றுநோய் காணப்படுகிறது. வெயில் மேலிருந்து மட்டும் வருவதில்லை. உலர்ந்த கடல் மணல் புறஊதாக் கதிரில் ஏறக்குறைய 15 விழுக்காட்டைத் திருப்பி அடிக்கிறது. 2017 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டெக்ஸாஸ் ஏரிக்கரை ஒன்றில் 81 பேரை மூன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். சிறுகுடையின் நிழலில் மட்டும் இருந்தவர்களில் 78 விழுக்காட்டினருக்குத் தோல் கன்றிவிட்டது. பூச்சு பூசியவர்களில் 25 விழுக்காட்டினருக்கு. ஆய்வுக்குப் பணம் தந்தது பூச்சு விற்கிற நிறுவனம் என்பதையும் சேர்த்தே படியுங்கள். இருந்தாலும் ஓர் உண்மை அதில் நிற்கிறது: சின்னக் குடை போதாது. போதாத குடையை மட்டும் அனுமதித்து, போதுமான பந்தலைத் தடுப்பதுதான் விதி என்றால், அந்த விதிக்கு மருத்துவர் எவரும் கையெழுத்திட மாட்டார்.

இன்னொன்று. பந்தல் ஆபத்து, குடை பத்திரம் என்கிற பேச்சும் நில்லாது. 2008 முதல் 2017 வரையிலான பத்தாண்டில் கடற்கரைக் குடையால் காயமுற்று மருத்துவமனைக்குப் போனவர்கள் ஏறத்தாழ 31,000 பேர் என்பது அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீடு. 2016 இல் வர்ஜீனியாவிலும் 2022 இல் தென் கரோலினாவிலும் காற்றில் பறந்த குடை குத்திப் பெண்கள் உயிரிழந்தார்கள். 2024 இல்தான் குடையை மணலில் எப்படி ஊன்ற வேண்டும் என்பதற்கு ஒரு தர அளவே வந்தது. ஆக, விட்டத்தை அளந்த நகரசபைகள் ஊன்றுவதை அளக்கவில்லை. உயிரைக் காக்கிற விதி எது, அழகைக் காக்கிற விதி எது என்பது இதிலிருந்தே விளங்கவில்லையா?

மக்கள் பக்கம் குற்றமே இல்லை என்று சொல்லவும் நாம் வரவில்லை. விடியுமுன் வந்து குடையை நட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தூங்கி, பகலில் வந்து என் இடம் என்கிற பேர்வழிகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஸ்பெயினில் தோரெவியேகா நகரம் அதற்கு அபராதம் வைத்தது, சரியே. ஆஸ்திரேலியாவில் 2025 ஜனவரியில் இதே தகராறு முற்றி, கடற்கரை எல்லோருக்கும் சொந்தம், பந்தல் போட்டு இடம் பிடிப்பது முறையல்ல என்று அந்நாட்டுப் பிரதமரே பேச வேண்டியதாயிற்று. ஆளில்லாத பந்தலை அகற்றுங்கள், நாம் தடுக்கவில்லை. ஆளிருக்கிற பந்தலை அகற்றாதீர்கள். காவலன் கண்ணுக்கு முன்னால் ஒரு பட்டையை வெறுமையாக விடுங்கள். அந்தப் பட்டையில் வாடகைக் குடையும் நிற்கக் கூடாது. அதற்குப் பின்னால் பத்தடிப் பந்தலைக் கயிறு நீளாமல், உறுதியாக ஊன்றச் சொல்லிப் போடவிடுங்கள். காவலனுக்குச் சம்பளத்தை நகரசபை கொடுக்கட்டும். குடை வாடகை கொடுக்க வேண்டாம்.

இத்தாலிக் கரைகளைப் பாருங்கள். அங்கே குத்தகை, பரம்பரைச் சொத்துப் போல் குடும்பங்களின் கையில் தங்கிவிட்டது. பொது ஏலம் விட வேண்டும் என்ற ஐரோப்பிய விதி 2006 இல் வந்தது. அரசுகள் மாறின, தவணைகள் மாறவில்லை. 2024 இல் இன்னொரு தவணை வாங்கி 2027 செப்டம்பர் வரை தள்ளிவைத்தார்கள். அந்தத் தேதி வரும்போது, ஏலத்தில் யார் எடுக்கிறார்கள் என்று முதலாளிகள் பார்ப்பார்கள். எத்தனை மீட்டர் மணலை ஏலத்துக்கே விடாமல் நிறுத்துகிறார்கள் என்று நாம் பார்ப்போம்.