பாட்டன் பெயரைப் பதிவேட்டில் தேடுவோம்

ஆதிக்க சாதி வீடுகளில் ஏழு தலைமுறைக்கு வம்சாவளி எழுதி வைத்திருப்பார்கள். சேரியில் பிறந்த நமக்கு அப்படி எதுவும் கிடையாது என்று நாமே நம்பி வந்திருக்கிறோம். நம் முன்னோரின் வாழ்க்கையும் எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. அது வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளில் கிடக்கிறது.

செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரமென்ஹீர், நம் மக்களின் அடிமை நிலை பற்றி 1891இல் அறிக்கை எழுதினார். அதைத் தொடர்ந்து 1892இல் சென்னை மாகாண அரசு, ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. அவைதாம் பஞ்சமி நிலங்கள். முதல் பத்தாண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே கைமாற்றலாம் என்பது நிபந்தனை.

என் கொள்ளுப்பாட்டனைப் பண்ணையாள் என்றே ஊரும் சொன்னது, எங்கள் வீடும் சொன்னது. பழைய பதிவேடோ அவரை இரண்டு ஏக்கருக்குப் பட்டாதாரர் என்கிறது. சர்வே எண், தீர்வை, நிபந்தனை எல்லாம் அதில் உண்டு. அடுத்த பதிவேட்டில் அதே சர்வே எண்ணுக்கு நேராக ஆதிக்க சாதிப் பண்ணையார் ஒருவரின் பெயர். இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு கடன் பத்திரம், அதன் அடியில் என் கொள்ளுப்பாட்டனின் கைநாட்டு. நிலம் போன பிறகுதான் அவர் பண்ணையாள் ஆனார். குலத்தொழில் என்று எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது, நிலப்பறிப்பின் விளைவு.

1994 அக்டோபரில், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கொல்லப்பட்டனர். அவர்கள் கேட்டதும் இப்படிப் பறிபோன பாட்டன் சொத்தைத்தான்.

தோழர்களே, இன்றைய கணினிப் பட்டாவில் இன்றைய பெயர்தான் இருக்கும். 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது. அந்த நிலத்தை அரசு மீட்டு நம் மக்களுக்கே கொடுக்க வேண்டும். அந்தக் கோரிக்கையை வெறுங்கையோடு வைக்காமல், பாட்டன் பெயர் உள்ள நகலோடு வைப்போம்.