எத்தனை ஊர், எத்தனை இரவு?



விடுமுறை நாள்களில் திற்பரப்பு அருவிக்கரையில் வந்து நிற்கும் சுற்றுலாப் பேருந்துகளை நாம் அறிவோம். காலையில் பத்மநாபபுரம் அரண்மனை, நண்பகலில் மாத்தூர் தொட்டிப்பாலம், பின்னர் நம் அருவி, மாலைக்குள் கன்னியாகுமரி. நனைந்த துணியைப் பிழிந்து முடிக்குமுன் ஓட்டுநர் ஒலி எழுப்பிவிடுகிறார். கோதையாற்றைக் கண்ணாரக் கண்டு செல்வோர் அவர்களுள் சிலரே.

இவர்களைக் கண்டு நகைக்கும் நம்மவரே அயல்நாடு செல்லத் திட்டமிடும்போது இவர்களாகிவிடுகின்றனர். அண்மையில் நம் ஊர்க் குடும்பம் ஒன்று தன் இத்தாலிப் பயணத் திட்டத்தை நம்மிடம் காட்டியது. கணவர், மனைவி, பத்து வயது மகன், எழுபதைக் கடந்த தாய் ஆகிய நால்வர். ரப்பர்ப் பால் விற்ற காசில் சீட்டுப் போட்டுச் சேர்த்த பணம். ஒன்பது இரவுகளில் மிலான், வெனிஸ், பதுவை, ஃபிளாரன்ஸ், அசிசி, உரோமை, நேப்பிள்ஸ் என ஏழு ஊர்கள்! இவற்றுள் பதுவைக்கு ஒதுக்கப்பட்டிருந்தது இரண்டு மணி நேரம். செவ்வாய்தோறும் அந்தோனியார் நவநாளைத் தவறவிடாத அந்தத் தாய் வாய்திறந்து கேட்டதோ பதுவை ஒன்றைத்தான்.

ஓர் ஊரைவிட்டு மற்றோர் ஊரில் தங்கச் செல்வதென்றால் பாதி நாள் போய்விடும். பெட்டி கட்டுவதும், நிலையத்தில் காத்திருப்பதும், புதிய விடுதியைத் தேடுவதும் வரைபடத்தில் தெரிவதில்லை. ஏழு ஊர்களென்றால் ஆறு இடமாற்றங்கள். மூன்று முழு நாள்கள் பெட்டியோடு கழிந்துவிடும். ஆகவே முதலில் ஊர்களை எழுதாமல் இரவுகளைப் பங்கிடுமாறு கூறினோம். பதுவைக்கு மூன்று, அசிசிக்கு இரண்டு, உரோமைக்கு நான்கு.

பதுவையிலிருந்து வெனிஸ் இரயிலில் ஏறக்குறைய அரை மணித் தொலைவே. வெனிஸில் விடுதிக் கட்டணம் மிகுதி. காலையில் சென்று இரவில் திரும்புவதே நலம். தந்தையும் மகனும் கால்வாய்களைக் காணச் செல்லும் நாளில், தாயும் மருமகளும் புனிதரின் கல்லறைக் கல்லில் கைவைத்து வேண்டிக்கொண்டு, அழியாத நாவின் திருப்பண்டத்தையும் கண்டு, விரும்பும் நேரமெல்லாம் அமர்ந்திருக்கலாம். அசிசிக்குச் செல்ல ஃபிளாரன்சில் வண்டி மாறவேண்டும். அந்நிலையத்தில் பெட்டிகளைக் கட்டணத்திற்கு ஒப்படைத்துவிட்டு, நடந்தே சென்று பேராலயத்தின் மாபெரும் குவிமாடத்தைக் கண்டுவரலாம். அசிசியில் நிலையம் சமவெளியிலும் பழைய ஊர் மலைமேலும் உள்ளன. முழங்கால் வலியுள்ளோர் கீழேயே தங்குதல் நன்று. புனித பிரான்சிஸ் செப்பனிட்ட சிற்றாலயம், ஒரு பெரிய ஆலயத்தினுள் பொதியப்பட்டு, அங்கேதான் இருக்கிறது.

விமானச்சீட்டைப் பற்றியும் ஒரு சொல். உரோமையில் இறங்கி உரோமையிலிருந்தே திரும்பவேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். நம் அண்டை வீட்டார் சிவராத்திரியில் ஓடும் சிவாலய ஓட்டம் திருமலையில் தொடங்கி, திற்பரப்பை மூன்றாவதாகக் கண்டு, பன்னிரண்டாவதாகத் திருநட்டாலத்தில் முடிகிறதன்றோ? புறப்பட்ட இடத்திற்கே திரும்புவதில்லை. அவ்வாறே வெனிஸில் இறங்கி உரோமையிலிருந்து திரும்பும்படி ஒரே சீட்டாக எடுக்கலாம்; வந்த வழியே மீளும் செலவு மிச்சம். (அந்த நட்டாலத்தில் பிறந்த தேவசகாயத்தை 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக அறிவித்தபோது செல்ல இயலாத ஏக்கமே இக்குடும்பத்தின் பயணத்திற்கு வித்து.)

நாள் குறிப்பதில்தான் சிக்கல் எழுந்தது. வியாழனன்று வெனிஸில் இறங்கினால் செவ்வாயன்று உரோமை சேர்ந்து, புதன் காலை திருத்தந்தையின் பொதுச் சந்திப்பில் பங்குபெறலாம். அதற்கு அனுமதிச்சீட்டு இலவசம். விலைக்கு விற்பாரிடம் வாங்கவேண்டாம். ஞாயிறன்று இறங்கினாலோ செவ்வாய்க்கிழமை பதுவையில் அமையும், புதன் கைநழுவும். மகனார் புதனையே விரும்பினார். தாய் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு நண்பகலில் திருத்தந்தை உரோமையில் இருந்தால் சன்னலில் தோன்றி மூவேளைச் செபம் சொல்வார், புனித பேதுரு சதுக்கத்தில் நின்று காண அனுமதிச்சீட்டே வேண்டாம் என்று நாம் எடுத்துரைத்தோம். செவ்வாய் பதுவைக்கென முடிவாயிற்று.

விசா விண்ணப்பத்தைப் பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே அளிக்கலாம். பதினைந்து நாளுக்குக் குறையலாகாது. 2024 சூன் முதல் கட்டணம் 90 யூரோ, ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பக் கிடைக்காது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும், இத்தாலியைவிட்டுப் புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதமேனும் செல்லும் கடவுச்சீட்டும் வேண்டும். முதன்முறை செல்வோர் கைரேகை பதிக்க நேரில் வரவேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது தேவையில்லை. பள்ளி விடுமுறையையொட்டி இடம் கிடைப்பது அரிது. இன்னொன்று: சாதாரண இரயில்களின் தாள் சீட்டை ஏறுமுன் நிலையத்து இயந்திரத்தில் முத்திரையிடாவிடில் தண்டம் கட்டநேரும்.

மிலானை விட்டுவிட அனைவரும் இசைந்தனர். நேப்பிள்ஸை மட்டும் சிறுவன் விடவில்லை. வெசூவியஸ் எரிமலையைப் பாடநூலில் கண்டானாம். உரோமையிலிருந்து விரைவு வண்டியில் ஒன்றேகால் மணி நேரந்தான். திங்களன்று பாட்டிக்குக் கால்வலி இல்லையெனில் போகலாம் என்று தந்தை உடன்பட்டிருக்கிறார்.