உளவுத் துறை தெய்வமன்று

சென்ற சித்திரையில் செந்துறைக்கு அருகே ஒரு திருமண வீட்டில், பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த வேளையில், ஈழத்தைப் பற்றித் தொடங்கிய பேச்சு வழக்கம்போல், நம் வெளிநாட்டு உளவு அமைப்பைக் குறிக்கும் 'ரா' என்னும் ஓரெழுத்தில் வந்து நின்றது. ஊரில் நல்ல மதிப்புடைய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, புலியை உண்டாக்கினதும் அவன்தான், ஒழிச்சதும் அவன்தான்; அவனுக்குத் தெரியாம இந்த நாட்டுல ஒரு இலை அசையாது" என்று, சாஸ்திரப் பிரமாணம் சொல்லுகிறவருடைய உறுதியோடு சொன்னார். சுற்றியிருந்தவர்களில் ஒருவரும் மறுக்கவில்லை. பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்திலும் ஜெயங்கொண்டம் கடைத்தெருவிலும் இதே அபிப்பிராயத்தை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்த ஸ்தாபனத்தை வெறுக்கிறவர்கள் இதைச் சதி என்கிறார்கள்; போற்றுகிறவர்கள், திரைப்படங்கள் கற்பித்த உற்சாகத்தில், இதையே சாமர்த்தியம் என்கிறார்கள். இரு சாராரும் வணங்குவது ஒரே விக்கிரகத்தைத்தான். அந்த விக்கிரகம் பொய் என்பதும், அந்தப் பொய்யை நம்புவதனால் நாம் பிரஜைகள் என்ற முறையில் பெரிய நஷ்டத்துக்கு ஆளாகியிருக்கிறோம் என்பதும் என் திடமான கருத்து.

எல்லாம் அறிந்ததாக நாம் கருதும் இந்த அமைப்பு, ஒன்றும் அறியாதிருந்த அனுபவத்திலிருந்து பிறந்தது என்பதை முதலில் நினைவுகொள்ள வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் 1887-ல் வேர்விட்ட உளவுத்துறையே, அதாவது ஐ.பி. என்று நாம் சொல்லும் துறையே, சுதந்திரத்துக்குப் பின்னும் உள்நாட்டையும் வெளிநாட்டையும் சேர்த்துக் கவனித்து வந்தது. 1962-ல் சீனப் படை இமயத்தைத் தாண்டி இறங்கியபோதும், 1965-ல் பாகிஸ்தானோடு போர் மூண்டபோதும், வெளிநாட்டுச் செய்தியில் நமக்கிருந்த வறுமை வெட்டவெளிச்சமாயிற்று. அதன் விளைவாகவே 1968 செப்டம்பர் 21 அன்று, பிரதமர் இந்திரா காந்தியின் ஆணையால், வெளிநாட்டு உளவுக்கென்று ஆராய்ச்சி மற்றும் பகுப்பாய்வுப் பிரிவு என்னும் பெயரோடு அமைச்சரவைச் செயலகத்தின் கீழ் இது தனியாகப் பிரிக்கப்பட்டது; காசியில் பிறந்த ராமேஷ்வர் நாத் காவ் இதன் முதல் தலைவரானார். மூன்றே ஆண்டுகளில் வங்காள தேசம் பிறந்தபோது காவும் அவருடைய சகாக்களும் ஆற்றிய பணி பெரிது. அதை மறைப்பது நியாயமாகாது. ஆனால் அந்த வெற்றியின் பின்கதையையும் படிக்க வேண்டும். அந்நாட்டுத் தலைவர் ஷேக் முஜிபுர் ரகுமானுக்கு எதிராக அவருடைய ராணுவத்துக்குள்ளேயே சதி நடக்கிறது என்று காவ் தாமே டாக்காவுக்குச் சென்று எச்சரித்தார். தம் பிள்ளைகள் தமக்குத் தீங்கு செய்யமாட்டார்கள் என்று முஜிப் அதைத் தள்ளிவிட்டார். 1975 ஆகஸ்டு 15 அதிகாலையில் குடும்பத்தோடு கொல்லப்பட்டார். செய்தி சரியாகக் கிடைத்தும், உரிய காதில் அது உரிய காலத்தில் விழுந்தும், கேட்டவர் நம்பவில்லை என்றால் உளவாளி என்ன செய்ய இயலும்?

இனி ஆசிரியர் சொன்ன புலிக் கதைக்கு வருவோம். யாழ்ப்பாண மேயர் ஆல்பிரட் துரையப்பா சுட்டுக்கொல்லப்பட்டது 1975 ஜூலை 27. விடுதலைப் புலிகள் என்னும் பெயர் சூட்டப்பட்டது 1976 மே 5. இந்திய அரசின் பயிற்சி ஈழ இளைஞர்களுக்குக் கிடைக்கத் தொடங்கியதோ 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின்னர். அதிலும் டெலோ, ஈ.பி.ஆர்.எல்.எஃப்., ஈரோஸ் என்று பல இயக்கங்களுக்கும் அது கிடைத்தது. ஏழெட்டு வயதான பிள்ளைக்குச் சோறு போட்டவனை அப்பிள்ளையைப் பெற்றவன் என்று சொல்வோமா? ஓர் இனம் தன் மானத்துக்காகவும் வாழ்வுக்காகவும் பட்ட துயரத்தையும், எடுத்த முடிவுகளையும், செய்த குற்றங்களையும் ஒருசேரத் துடைத்துவிட்டு, அனைத்தையும் டெல்லியிலுள்ள ஒரு காரியாலயத்தின் கணக்கில் எழுதுவது அந்த ஜனங்களுக்கே இழைக்கும் அவமதிப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

வளர்த்த கைக்கு வளர்ந்தவர்களின் உள்ளமாவது தெரிந்திருந்ததா என்றால், அதுவும் இல்லை. 1987 ஜூலை 29-ல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அக்டோபரிலேயே இந்திய அமைதிப் படை புலிகளோடு போரிட நேர்ந்தது. 1990 மார்ச்சில் கப்பலேறித் திரும்புவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நம் ஜவான்கள் மாண்டு போயினர். அந்த 1987-ஆம் ஆண்டிலேதான், சென்னையில் இதே அமைப்பின் அலுவலகத்துக்குத் தலைமை வகித்த அதிகாரி, அமெரிக்க உளவு நிறுவனத்தின் வலையில் சிக்கினார் என்ற குற்றச்சாட்டின் பேரில் கைது செய்யப்பட்டார். பின்னர் 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைத் தமிழருக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இலை அசைவதையெல்லாம் அறிந்தவர்களின் நாட்டிலா இவை நடந்தன?

பெயர்களையே நாம் பிரித்தறிவதில்லை என்பது இன்னொரு குறை. 1987 மார்ச் 15 அன்று அரியலூருக்கு அருகே மருதையாற்றுப் பாலத்தில் வைத்த வெடியால் மலைக்கோட்டை விரைவு ரயில் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த துயரத்தைப் பேசும்போதுகூட, நம் பக்கத்தில் சிலர் அதே ஓரெழுத்தை இழுத்துவிடுகிறார்கள். உள்நாட்டு விவகாரம் ஐ.பி.யினுடையது, தீவிரவாத இயக்கங்களைக் கண்காணிக்கத் தமிழ்நாட்டுக் காவல்துறைக்குக் கியூ பிரிவு என்று ஒன்று இருக்கிறது, 'ரா'வின் வேலை எல்லைக்கு அப்பால். யார் எதற்குப் பொறுப்பு என்பதே தெரியாத ஜனங்கள் யாரையும் கேள்வி கேட்க முடியாது.

கார்கில் போர் விஷயத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏனெனில் அது நம் பழைய திருச்சி ஜில்லாவைத் தொட்ட விஷயம். 1999 மே மாதத் தொடக்கத்தில் படாலிக் பகுதியின் உயரங்களில் அந்நியர் நடமாடுவதை முதலில் கண்டு ராணுவத்துக்குச் சொன்னவர்கள், அந்த மலைச் சரிவுகளில் கால்நடை மேய்த்துக்கொண்டிருந்தவர்கள். நம் காரைப் புறம்போக்கிலும் குன்னம் காட்டிலும் ஆடு ஓட்டுகிறவர்களைப் போன்ற எளியவர்கள். கோடிக்கணக்கில் செலவழித்து நடத்தும் அமைப்புகளும், வானிலிருந்து பார்த்த கருவிகளும் காணாததை அவர்கள் கண்டார்கள். அதே படாலிக்கில், அதே மே மாதம் 29-ஆம் தேதி, திருச்சியில் இன்று நினைவுச்சின்னம் பெற்றிருக்கும் மேஜர் சரவணன் வீழ்ந்தார். அவருடைய உடலை மீட்டெடுக்க ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. போர் முடிந்தபின் பிழை எங்கே என்று ஆராய அமைக்கப்பட்ட குழுவுக்குத் தலைமை ஏற்றவரும் திருச்சியில் பிறந்தவரே: கே. சுப்பிரமணியம். வெளிநாட்டுச் செய்தி திரட்டுவது பெரும்பாலும் ஒரே அமைப்பின் ஏகபோகமாக இருந்ததையும், பல இடங்களிலிருந்து வரும் துணுக்குகளைச் சேர்த்து எடைபோட ஒழுங்கான ஏற்பாடில்லாததையும் அக்குழு எழுத்தில் வைத்தது. 2000 பிப்ரவரியில் அந்த அறிக்கை, சில பகுதிகள் நீக்கப்பட்டு, நாடாளுமன்றத்தின் முன் வந்தது. ராணுவத்துக்கென்று தனி உளவு அமைப்பும், தொழில்நுட்ப உளவுக்கென்று தனி நிறுவனமும் அதன் பின்னர்த் தோன்றின. பிழையை ஒப்புக்கொண்டதால் அமைப்பு கெட்டுப்போகவில்லை. திருந்துவதற்கு வழி கிடைத்தது.

இந்த உண்மை நம்மவருக்குப் புதிதா? திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சோதித்தறிய வேண்டுமென்றும், ஒருவரையொருவர் அறியாதபடி மூவரை ஏவி, மூவர் சொல்லும் ஒத்திருந்தால் மட்டும் நம்ப வேண்டுமென்றும் வள்ளுவர் விதிக்கிறார். ஒற்றன் தவறலாம், ஏமாறலாம், விலை போகலாம் என்பதை அஸ்திவாரமாகக் கொண்டல்லவா அந்த விதி எழுந்திருக்கிறது? ஒற்று ஓர் அரசனின் கண் என்று சொன்ன அதே புலவர், அக்கண்ணுக்கும் கண்ணோய் வரும் என்று அறிந்திருந்தார். அவர் பெயரால் மேடையேறுகிற நாமோ அக்கண்ணைக் கடவுளாக்கிவிட்டோம்.

கடவுளாக்குவதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். தெய்வத்தை யாரும் கணக்குக் கேட்பதில்லை, அதுதான் தீங்கு. 1956 நவம்பர் 23 விடியற்காலையில் வெள்ளம் அரித்த மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்து 140-க்கும் மேற்பட்டோர் மாண்டபோது, ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவ்விபத்துக்கு அவர் நேரடிக் காரணமல்லர் என்று சொல்லிக்கொண்டே, முறைமையை நிலைநாட்டவேண்டி நேரு அந்த ராஜினாமாவை ஏற்றார். பொறுப்பு என்ற சொல்லுக்கு இந்தியா கண்ட உன்னதமான பொருள் நம் அரியலூரில் எழுதப்பட்டது. அதே தேசத்தில், ஆயிரம் ஜவான்கள் அயல்மண்ணில் மடிந்ததற்கு எந்த உளவு மதிப்பீடு காரணம், யார் அதை ஏற்றார், யார் அதைத் தள்ளினார் என்று இன்றுவரை நாடாளுமன்றக் குழு எதுவும் அந்த அமைப்பைக் கூப்பிட்டுக் கேட்டதில்லை.

ரகசியம் காக்க வேண்டாமா என்பார்கள். உளவாளியின் பெயரையும் அவன் இருக்குமிடத்தையும் காக்கத்தான் வேண்டும். செலவுக்கும் பிழைக்கும் வரம்பு மீறலுக்கும் பதில் சொல்வது வேறு விஷயம். அமெரிக்காவின் சி.ஐ.ஏ. 1947-ல் சட்டத்தால் அமைந்தது; அதன் அக்கிரமங்களை 1975-ல் செனட் சபைக் குழு விசாரித்து உலகறியச் செய்தது. பல ஆண்டுகள் தன் இருப்பையே ஒப்புக்கொள்ளாதிருந்த பிரிட்டிஷ் வெளிநாட்டு உளவு அமைப்பும் 1994-ல் சட்டத்துக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் குழுவுக்கும் உட்பட்டது. அவ்விரு நாடுகளின் ரகசியங்களும் அதனால் சந்தைக்கு வந்துவிடவில்லை. நம்முடைய அமைப்போ நிர்வாக ஆணை ஒன்றினால் பிறந்தபடியே நிற்கிறது. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும், ஊழலும் மனித உரிமை மீறலும் பற்றிய புகார்கள் தவிர, அதை விலக்கி வைத்திருக்கிறது. உளவு அமைப்புகளை ஒழுங்குபடுத்த 2011-ல் நாடாளுமன்ற உறுப்பினர் மனீஷ் திவாரி கொண்டுவந்த தனிநபர் மசோதா நிறைவேறவில்லை.

நம் பக்கத்தில் சிலர் பெரம்பலூர்த் தொகுதியிலும் மற்றவர்கள் சிதம்பரம் தொகுதியிலும் நாடாளுமன்றத்துக்கு வாக்களிக்கிறோம். அடுத்த முறை நம் வாசலுக்கு வரும் வேட்பாளர் எந்தக் கட்சிக்காரராயினும், வெளிநாட்டு உளவு அமைப்புக்கு ஒரு சட்டமும், அதைக் கேள்வி கேட்க ஒரு நாடாளுமன்றக் குழுவும் வேண்டுமென்று அவையில் பேசுவாரா என்று அவரை நிறுத்தி வைத்துக் கேளுங்கள்.